பின்மூடியை மறந்தவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, முன்பனிக் காலம். விமானக் கொட்டகையின் பெருங்கதவுகள் திறந்தே கிடந்தமையால், உள்ளே வேலை செய்பவர்களின் மூச்சுக்கூடப் புகையாகத் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒரு காலையில், மின்கம்பிப் பிரிவின் சரிபார்ப்பு மேசைக்கு எதிரே ஓர் ஒல்லியான மனிதர் வந்து நின்றார். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆயினும், நகைக்கடைக்காரர் வைர மோதிரத்தைக் காட்டும் தோரணையில், வெள்ளைத் துணியொன்றின் நடுவே ஒரு கனெக்டரை வைத்து ஏந்தியிருந்தார்.

கனெக்டர் என்பது பெரிய மாயமன்று. விமானத்தின் உடலெங்கும் நரம்புகளைப் போல ஓடும் கம்பிகள், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் இடத்தில் கைகோத்துக்கொள்வதற்கான உலோகக் கூடு, அவ்வளவுதான். ஒரு பாதியில் ஊசிகள் இருக்கும். மறுபாதியில் அவற்றுக்குரிய துளைகள் இருக்கும். இரண்டையும் பொருத்தி வெளிவளையத்தைத் திருகிவிட்டால், விமானம் எத்துணை குலுங்கினாலும் அவை பிரியா. அந்தக் கொட்டகைக்குப் பழுது பார்க்க வந்தவை யாவும் வயதான விமானங்கள். அவற்றின் கனெக்டர்களும் அக்காலத்தவை: உள்ளங்கையை நிறைக்கும் கனம், வாடிய இலையின் நிறம், உள்ளே கறுப்புத் தட்டு, தட்டின் பின்புறத்தில் எறும்பு நீர் குடிக்கும் அளவில் சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கம்பியை நிறுத்தி, ஈயத்தை உருக்கி நிரப்ப வேண்டும்.

மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவள் அந்தப் பிரிவிலேயே வயதில் இளையவள். ஆனால், அவள் வாயிலிருந்து ‘சரி’ என்னும் சொல் வராமல் ஒரு சாண் கம்பியும் விமானம் ஏறாது. குறை கண்டால் பேசமாட்டாள். சிவப்புச் சீட்டொன்றை நூலில் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். ஆகவே, முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளைச் ‘சிவப்புச் சீட்டு’ என்றே அழைத்தனர். அது தனக்குத் தெரியாது என்பதைப் போல அவளும் நடந்துகொண்டாள்.

“பாருங்க மேடம்,” என்றார் வந்தவர். “பழைய இடத்துல என் சால்டரிங்கைப் பாக்கறதுக்குன்னே வேற செக்‌ஷன்லேருந்து ஆள் வருவாங்க.”

“வந்து?”

“பாத்துட்டுப் போவாங்க.”

அவள் பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பெருமை வெறும் பெருமையன்று. ஒவ்வொரு கிண்ணமும் நிரம்பியிருந்தது; ஒன்றுகூட வழியவில்லை. மெல்லிய ஈயப் படலத்தின் கீழே கம்பியின் இழைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

“ஈயம் பூசின மாதிரியும் இருக்கு, பூசாத மாதிரியும் இருக்கு,” என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

அவருடைய கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தனர். அந்தக் கணத்திலிருந்து அவருடைய பெயர் ‘ஈயம்’ என்று ஆயிற்று.

“இதோட பின்மூடி எங்க?” என்றாள் அவள்.

நீண்ட கழுத்து அப்படியே நின்றது.

பின்மூடி என்பது கனெக்டரின் முதுகை மூடி, கம்பிகளை அசையாமல் பற்றிக்கொள்ளும் உலோகத் தொப்பி. ஈயம் வைப்பதற்கு முன்பே அதைக் கம்பிகளின்மேல் கோத்துவிட வேண்டும். வைத்த பின்னர் கோக்க முடியாது. ஏனெனில், கம்பிகளின் மறுமுனை வேறொரு கனெக்டருக்குள் போய் முடிந்திருக்கும். சட்டைப் பொத்தான்களையெல்லாம் அழகாகப் போட்டு முடித்துத் தலைவாரி வெளியே கிளம்பும்போது, பனியன் கட்டிலின்மேல் கிடப்பதைக் காண்பதற்கு ஒப்பானது இது. இத்தொழிலில் இருப்பவர்களைத் தவிர வேறெவரும் செய்ய இயலாத தவறு. இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் செய்யும் தவறு.

ஈயம் திரும்பித் தம் மேசையைப் பார்த்தார். அங்கே பின்மூடி, வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன பூனையைப் போல, தனியாக அமர்ந்திருந்தது.

“சார், தொப்பியை விட்டுட்டுத் தலைய மட்டும் கொண்டு வந்துட்டீங்களே!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். சிவப்புச் சீட்டு, சிவப்புச் சீட்டைக் கட்டினாள். அவர் அத்தனை ஈயத்தையும் உருக்கியெடுத்து மீண்டும் வைத்தார்.

அன்று அவர் மனத்துக்குள் ஒரு முடிவு செய்துகொண்டார்: இந்த வாயிலிருந்து, முதல் பார்வையிலேயே, ஒரே ஒரு ‘சரி’யை வாங்கிவிட வேண்டும். வாழ்க்கையில் அவர் வேறெதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டவர் அல்லர்.

ஆசை நிறைவேறவில்லை. அவருடைய கைக்கு அழகு தெரியும், அடிப்படை மறந்துவிடும். ஒருநாள் ஈயம் முத்தாக இருக்கும், கிண்ணங்களின்மேல் போட வேண்டிய உறை இராது. இன்னொரு நாள் உறை இருக்கும், வளையம் கழலாமல் கட்ட வேண்டிய பூட்டுக்கம்பி இராது. எல்லாம் இருந்த ஒருநாள், கனெக்டரின் வாயில் தூசி புகாமல் மூடும் தொப்பியை மறந்துவிட்டு வந்தார். திருத்திக்கொண்டு வந்த பிறகு அவள் ஏற்றுக்கொள்ளத்தான் செய்தாள். ஆனால், இரண்டாம் முறை கிடைக்கும் ‘சரி’ ஆறிப்போன காப்பி என்பது அவர் கொள்கை.

அவளிடத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. காலையில் வரும் வேலைகளில் அவருடையதை மட்டும் கடைசிக்கு என ஒதுக்கி வைப்பதை அவளே ஒருநாள் கண்டுகொண்டாள். வெறுத்து ஒதுக்குவதற்கும், பிடித்த பண்டத்தைக் கடைசி வாய்க்கென்று ஒதுக்குவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

வீட்டில் அண்ணி அதை முன்னரே கண்டுபிடித்திருந்தாள். “வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஈயம் இதை மறந்துச்சு, ஈயம் அதை மறந்துச்சுன்னு ஒரே பாட்டு. அந்த ஈயம் உன்னை மட்டும் மறக்காம இருக்கா, விசாரிச்சியா?”

“அண்ணி, சும்மா இருங்க.”

“நான் சும்மாதான் இருக்கேன். நீதான் சும்மா இல்ல.”

அடுத்த ஆண்டு வெயில் ஏறத் தொடங்கியபோது, அவர் ஒருநாள் வெறுங்கையோடு மேசைக்கு வந்தார். வெறுங்கையைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்குச் சம்மதமா?”

அவள் அவரைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள். அவரோ பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்த ஊசியைப் போல அசையாமல் நின்றார்.

“குறை இருக்கு,” என்றாள். “திருத்திக்கலாம்.”

அதுவே சம்மதம். இத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால், அந்தத் தொழிற்கூடத்தில் ஒரு விதி இருந்தது. வேலையைச் செய்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒரே வீட்டினராக இருத்தல் கூடாது. பாசம் கண்ணை மறைத்தால் விமானம் விழும் என்று எண்ணியவர்கள் எழுதிய விதி. பிரிவின் தலைவர், எல்லாரும் பெரியவர் என்றழைக்கும் மனிதர், இருவரையும் எதிரே நிறுத்திச் சொன்னார்:

“ரெண்டு பேர்ல ஒருத்தர் இடம் மாறணும். யார்னு நீங்களே பேசிக்கோங்க.”

“நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்,” என்றாள் அவள். குரலில் மிரட்டலும் இல்லை, வருத்தமும் இல்லை.

“உங்களை யாரு எழுந்திரிக்கச் சொன்னா? நான் எதிர்க் கொட்டகைக்குப் போறேன்,” என்றார் ஈயம்.

தபால் விமானங்களைப் பழுது பார்க்கும் எதிர்க் கொட்டகை ஓடுபாதைக்கு அப்பால் இருந்தது. பாதி வழி நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி கிடைத்துவிட்டாள், ஆனால், அவளுடைய ‘சரி’ இனி ஆயுள் முழுக்கக் கிடையாது. கேட்பதற்கே விதி இடம் கொடாது. அண்ணி இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்: “பசுவை வாங்கிட்டுப் பாலை விட்டுக் கொடுத்த ஒரே ஆளு நீங்கதான், தம்பி!”

விதி கொட்டகைக்குத்தானே, வீட்டுக்கில்லையே என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். போர்வையை மடித்துக்கொண்டு வந்து காட்டுவார். நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். போர்வை உள்பக்கம் வெளியே இருக்கும். பொத்தான் தைத்துக் காட்டுவார். தையல் அச்சடித்தாற்போல இருக்கும். பொத்தான், துளை இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கும். அவள் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பாள். அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

எதிர்க் கொட்டகையிலோ நிலைமை வேறு. அங்கிருந்த சரிபார்ப்பாளர் மிக நல்லவர். அதுதான் அவரிடம் இருந்த ஒரே குறை. எதை நீட்டினாலும் “ஆகட்டும், ஆகட்டும்” என்று முத்திரையைக் குத்திவிடுவார். அவரை ‘ஆகட்டும் அண்ணன்’ என்றே அழைத்தார்கள்.

“இன்னைக்கு நான் குடுத்த எல்லாமே முதல் தடவையிலேயே பாஸ்,” என்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அறிவிப்பார் ஈயம்.

“பாத்தாரா?”

“யாரு?”

“உங்க அண்ணன். பாத்துட்டுச் சொன்னாரா, இல்ல கேட்டுட்டுச் சொன்னாரா?”

“உனக்குப் பொறாமை.”

அவள் உலைக்கு அரிசியை அளப்பாள். ஆனால், அறிவிப்பின் குரல் ஆண்டுக்கு ஆண்டு சற்றே தாழ்ந்து வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

மகள் பிறந்து, நடக்கத் தொடங்கியிருந்த காலத்தில் அது நிகழ்ந்தது. ஒரு காலையில், தபால் விமானமொன்று மேலெழுந்த சிறிது நேரத்தில் திரும்பி வந்து இறங்கியது. எரிபொருள் அளவைக் காட்டும் முள், நிறைந்த தொட்டியைக் காலி என்றும், மறுகணமே நிறைந்தது என்றும் காட்டிக் கூத்தாடியிருக்கிறது. எவருக்கும் தீங்கில்லை. எதிர்க் கொட்டகையில் இடமின்மையால் விமானத்தை இங்கே இழுத்து வந்து நிறுத்தினார்கள். பழுதைக் கண்டறியும் பொறுப்பு சிவப்புச் சீட்டிடம் வந்தது.

அவள் கருவிப் பலகையின் பின்புறம் தலையை நுழைத்து, கைக்கண்ணாடியாலும் விளக்காலும் தேடினாள். வெகுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த முள்ளுக்குச் செல்லும் கனெக்டரின் முதுகில் பின்மூடி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. சுற்று ஒவ்வொன்றும் முந்தைய சுற்றைச் சரிபாதி மறைத்து, அத்துணை ஒழுங்காக இருந்தது. நாடாவைப் பிரித்தாள். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமையால் கம்பிகள் ஆண்டு முழுவதும் குலுங்கியிருக்கின்றன. ஒன்று, ஈயம் முடியும் விளிம்பில் அறுந்து, தொட்டும் தொடாமலும் நின்றது. அதன் அருகிலேயே, நிரம்பியும் வழியாமலும், இழை இழையாகத் தெரிந்தபடி, மற்றக் கிண்ணங்கள்.

அவளுக்கு யாரும் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பலகைக்குப் பின்னால் அவள் தலை வெகுநேரம் இருந்தது. அறுந்த கம்பியை ஒட்டிவிட்டு, ‘கம்பி பழசு’ என்று சொன்னால் நம்பாதவர் இல்லை. அவள் சொன்னால் நம்புவார்கள் என்பதுதான் அதில் இருந்த இடைஞ்சல். நாற்காலியில் அமர்ந்த நாள் முதல் அவள் சேர்த்து வைத்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான். தலையை வெளியே எடுத்து, பெரியவரை அழைத்தாள்.

“இதை நான் பாக்கக் கூடாது, சார். நீங்க பாருங்க.”

“ஏம்மா?”

“இது எங்க வீட்டுக்காரர் வேலை.”

“பேரு எழுதியிருக்கா?”

“தெருமுனையில இருமினாலே அவருன்னு தெரியுது. இது தெரியாதா?”

பெரியவர் உள்ளே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு தம் கையாலேயே சிவப்புச் சீட்டைக் கட்டினார்.

மாலையில் அவள் வீட்டை அடைந்தபோது, அவர் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். செய்தி அவளுக்கு முன்பே ஓடுபாதையைக் கடந்துவிட்டது. துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் விழுந்தன. மகள் தரையில் அமர்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“சீட்டு நீதான் கட்டுனியா?” என்றார் கடைசியில்.

“இல்ல. பெரியவர். நான் கட்டக் கூடாது.”

“ம்.” இன்னும் இரண்டு வெங்காயம் நறுக்கினார். “சால்டர்?”

“என்ன சால்டர்?”

“எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.”

“அதையும் நான் சொல்லக் கூடாது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார்; கண்களைத் துடைத்துக்கொண்டார்; வெங்காயத்தின்மேல் பழி போட்டார்.

“அன்னைக்கு அவசரம். ஈயம் வெச்சு முடிச்சப்புறம்தான் மூடி ஞாபகம் வந்துச்சு. நாளைக்குப் பிரிச்சு மாட்டிக்கலாம்னு டேப்பைச் சுத்தினேன். அண்ணன் ஆகட்டும்னுட்டாரு. அப்புறம் அந்த நாளைக்கு வரவே இல்ல.”

“அண்ணன் பாக்கலன்னு சொல்லாதீங்க. மறந்தது நீங்க.”

“அதான் சொல்றேன்,” என்றார் அவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு. “நீ பாத்தப்போ எல்லாம் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. யாருமே பாக்கலன்னு தெரிஞ்சப்போதான் பயம் வருது.”

மறுநாள் அவர் பெரியவர் முன்னால் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒரு பருவம் முழுவதும் அவருக்கு ஈயத்தைத் தொடும் உரிமை இல்லை. ஓய்வு பெற்ற விமானங்களிலிருந்து பழைய கனெக்டர்களைக் கழற்றி, துரு நீக்கி, தேறுவதையும் தேறாததையும் பிரித்து வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். எதிர்க் கொட்டகையில் தம் மேசைக்குத் திரும்பிய அன்று, ஆகட்டும் அண்ணனிடம் முதல் கனெக்டரை நீட்டியவாறு அவர் சொன்னது கொட்டகையில் வெகுகாலம் பேசப்பட்டது.

“அண்ணே, இதுல வேணும்னே ஒரு தப்பு வெச்சிருக்கேன். கண்டுபிடிச்சுக் குடுங்க, திருத்தித் தர்றேன். அதுவரைக்கும் ஆகட்டும்னு சொன்னீங்கன்னா, முத்திரையோட உங்களையும் பெரியவர்கிட்ட கூட்டிட்டுப் போவேன்.”

“டேய், இது என்னடா அநியாயம்? இந்த வயசுல எனக்குப் பரீட்சையா?”

“உங்களுக்கில்ல அண்ணே, எனக்கு.”

அண்ணன் திட்டிக்கொண்டே பார்த்தார். முதலில் அரை நாள் பிடித்தது. நாளடைவில் ஒரு தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்தார். பிறகு, வைத்த தவறோடு வைக்காத தவறுகளையும் கண்டுபிடிக்கத் தொடங்கினார். அவருக்கு அதில் ஒரு சுவை பிறந்துவிட்டது. மற்றவர்கள் ஈயத்தைச் சபித்தார்கள்: “தூங்கிட்டிருந்த சிங்கத்தை எழுப்பி விட்டுட்டாரே மனுஷன்!” எதிர்க் கொட்டகையிலும் சிவப்புச் சீட்டு கட்டுக் கட்டாகத் தீர்ந்தது. அவளுக்கு அது தெரிந்தபோது, அன்றிரவு அவருக்குச் சோற்றை ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறினாள், காரணம் சொல்லவில்லை.

இருவரும் ஓய்வு பெற்ற பின்னர் ஒருநாள், காலை உணவு மேசையில், தட்டு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியின்மேல் ஒரு கனெக்டர் இருந்தது. மேசையின் மறுபக்கத்தில் ஈயம் கைகட்டி நின்றார்.

“இப்போ விதி இல்ல,” என்றார்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கையிலெடுத்தாள். உறைகள் இருந்தன. பூட்டுக்கம்பி இருந்தது. வாய்த்தொப்பி இருந்தது. பின்மூடி, கம்பிகளை இறுகப் பற்றியபடி, பளபளவென்று இருந்தது. திருமணமாகி அடுத்த தெருவில் வசித்த மகளும் அன்று அங்கே இருந்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள்.

“இந்தக் கம்பியோட அடுத்த முனை எங்க போகுது?”

“எங்கயும் போகல. சும்மா, உனக்குக் காட்டறதுக்காக...”

“எங்கயும் போகாத கம்பிக்கு நான் எப்படிங்க சரி சொல்ல முடியும்?”

“அம்மா!” என்று மகள் கூவினாள். “ஒரு சரி சொன்னா உன் ஆஸ்தி குறைஞ்சிடுமா? பாவம்மா அப்பா!”

அவரோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “விடும்மா. இவ சொல்லிட்டா, நாளைக்கு நான் எதுக்குக் காலையில எழுந்திரிக்கணும்?”

அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் காலையில் எழுந்தார். கடைசியில், நெஞ்சில் சளி கட்டி, மருத்துவமனையில் படுத்தார். அறை சிறியது, ஒரு சன்னல், ஒரு நாற்காலி, தலைமாட்டில் ஓயாமல் ஒலிக்கும் ஒரு கருவி. அவள் நாற்காலியிலேயே இருந்தாள்.

வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் வாசலில் நின்றவாறே, “நல்ல முன்னேற்றம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். செவிலி, போர்வையை இழுத்துவிட்டு, “ரொம்பத் தெளிவா இருக்கீங்க, தாத்தா,” என்றாள். மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டே, “முகம் நல்லா இருக்குப்பா,” என்றாள். ஆகட்டும் அண்ணன் கைத்தடி ஊன்றி வந்தார். கட்டிலின் காலொன்று ஆடுவதையும், சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடுவதையும் உட்கார்வதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால், கட்டிலில் இருந்தவரைப் பார்க்கும் முறை வந்தபோது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, “ஆகட்டும், ஆகட்டும், சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவே,” என்றார்.

எல்லாரும் போன பிறகு, பிற்பகல் வெயில் போர்வையின்மேல் விழுந்திருந்த நேரத்தில், அவர் அவளை விரலசைத்து அழைத்தார். அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தாள்.

“காலையிலேருந்து எத்தனை பேரு பாஸ் பண்ணிட்டுப் போயிட்டாங்க, பாத்தியா?” என்றார். மூச்சு வாங்கியது, ஆயினும் உதட்டோரத்தில் பழைய குறும்பு இருந்தது. “ஒருத்தராவது என்னைப் பாத்தாங்களா?”

அவள் இல்லையென்று தலையை அசைத்தாள்.

“உனக்குப் பொய் வராது. அதனால உன்கிட்ட கேக்கறேன். அவசரமில்ல... கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, நிதானமா என்னைப் பாத்துச் சொல்லு.”